இரண்டு அவசரச் சட்டங்களும் ஒரு கெஜட்டும்

வருவாய் நீதிமன்றம் என்று ஒன்று இருப்பது டெல்டாவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதைப் பற்றிப் பேசப் பெரிதாக ஒன்றும் இருக்காது. குத்தகை பாக்கி, வாய்தா, வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒரு டீ என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனக்கு மட்டும் அது சில வருடங்களாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அங்கே நீதிபதி நாற்காலியில் உட்காருகிறவர் நீதிபதி இல்லை, தனித் துணை ஆட்சியர். நேற்று வரை நில எடுப்புப் பிரிவில் இருந்தவராக இருக்கலாம். நாளைக்குத் தேர்தல் வேலைக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ போகிறவராக இருக்கலாம். கறுப்பு அங்கி கிடையாது. வக்கீல்கள் மட்டும் வழக்கம்போல வெயிலில் அங்கி போட்டுக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பெரியப்பா நீடாமங்கலம் பக்கம் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த நிலம்தான். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிற இடத்திலிருந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதை நாள்காட்டி பார்க்காமல் சொல்லுவார். தண்ணீர் வராத வருடங்களில் பாக்கி விழுந்தது. பாக்கிக்காக நிலத்தை விட்டு வெளியேற்றக் கோரிக் கோயில் நிர்வாகம் மனு போட்டது. கோயிலை நிர்வகிப்பது அரசுத் துறை. மனுவை விசாரிப்பவர் அரசின் வருவாய் அதிகாரி. பாக்கி விழக் காரணமான தண்ணீரை வாங்கித் தர வேண்டியதும் அரசு. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. பெரியப்பாவுக்குச் சுற்றவில்லை. "அவரு யாரா இருந்தா என்னடா தம்பி, மனுசனா இருந்தா சரி" என்றார்.

எனக்கு அது போதவில்லை. அரசியல் சாசனத்தின் 50ஆவது பிரிவு, அரசுப் பணிகளில் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. வழிகாட்டு நெறிதான், வழக்குப் போட்டுக் கேட்க முடியாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைக் கொண்டுவந்தபோது மூன்று ஆண்டுகளுக்குள் பிரிக்க வேண்டும் என்று கெடு இருந்தது. அடுத்த நாளே கெடு போய்விட்டது, பிரிவு மட்டும் நின்றது. அதற்கடுத்த மாதம் கே.டி. ஷா சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றையும் முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார், சபை ஏற்கவில்லை. ஆட்சி செய்கிற அமைச்சர்கள் சட்டமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முழுதாகப் பிரி என்றால் எப்படிப் பிரிப்பது? அந்த வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் துணை ஆட்சியரை நீதிபதியாக உட்கார வைப்பதற்கு அந்த வாதம் உதவாது.

கிரிமினல் பக்கத்தில் ஓரளவு பிரித்துவிட்டார்கள். 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவர்களைத் தனியாகவும் நிர்வாக நடுவர்களைத் தனியாகவும் வைத்தது. அதிலும் நிலம், நீர் சம்பந்தமான தகராறில் அமைதி கெடும் என்று தோன்றினால் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்று முடிவு செய்வது நிர்வாக நடுவர்தான், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. அந்தச் சட்டத்தின் 145ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கிற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164. வாய்க்கால் மடையை யார் அடைத்தது என்று இரண்டு தெரு கம்பெடுத்து நின்றால், ஊர் முதலில் போவது கோர்ட்டுக்கு இல்லை.

அந்த ஒரு வாய்தா

வாய்தாக்கள் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. பாதி நாள் அதிகாரி இருக்க மாட்டார். அமைச்சர் வருகை, பயிர்க்கடன் கூட்டம், புயல். பெஞ்சு கிளார்க் அடுத்த தேதியைச் சொல்லுவார், பெரியப்பா அதைப் பேருந்து டிக்கெட்டின் பின்னால் எழுதச் சொல்லுவார். ஒரு வாய்தாவில் மட்டும் நிஜமாகவே விசாரணை நடந்தது.

மேசையில் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். சுவரில் மாவட்ட வரைபடம். அதில் ஆறுகளின் நீலம் வெயிலில் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. கோயில் தரப்பு பசலி 1422, பசலி 1426 (வருவாய்க் கணக்கு ஆண்டுகள், அதாவது 2012-13, 2016-17) இரண்டுக்கும் பாக்கிக் கணக்கை வாசித்தது. இத்தனை மூட்டை, மூட்டைக்கு இன்ன விலை, ஆக மொத்தம் இவ்வளவு ரூபாய். எங்கள் வக்கீல், 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்ததைச் சொன்னார். அந்த அறிவிப்பில் நிலவரிதான் தள்ளுபடி, குத்தகை தள்ளுபடி இல்லை என்று கோயில் தரப்பு பதில் சொன்னது. சட்டப்படி அது சரிதான். அதிகாரி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலின் நகல் எங்கே என்று கேட்டார். பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் சம்பா என்று எழுதி, எதிரே சாவி, அதாவது மணி பிடிக்காத பதர், என்று கிராம நிர்வாக அலுவலர் குறித்திருந்தார்.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "1426ல நான் பக்கத்துத் தாலுகாவுல பயிர்ச்சேதக் கணக்கு எடுத்தேன். கதிரைக் கையில வச்சு நசுக்கிப் பார்த்தா ஒண்ணுமில்ல, உமிதான்" என்றார். குடியானவர் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது: பாக்கி இருந்தாலும் உடனே வெளியேற்ற வேண்டியதில்லை, நிலச்சொந்தக்காரர், குத்தகைதாரர் இரண்டு பேரின் நிலைமையையும் சீர்தூக்கிப் பார்த்து நியாயமான அவகாசம் கொடுக்கலாம். அதைச் சொல்லித் தவணை கொடுத்தார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் அது அரிக்க ஆரம்பித்தது. அந்த மனிதர் அன்று நீதிபதியாக மட்டும் இல்லை, சாட்சியாகவும் இருந்தார். வயலில் இறங்கிப் பார்த்த அனுபவம் தீர்ப்புக்குள் வந்துவிட்டது. சிவில் கோர்ட் நீதிபதியான ஒரு முன்சீப் இப்படிச் செய்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விட்டிருப்பாரா? அதே சமயம், முன்சீப்புக்குச் சாவி விழுந்த கதிர் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். நிர்வாகமும் நீதியும் கலந்து கிடந்ததால்தான் எங்களுக்கு அன்று நல்லது நடந்தது. இன்னொரு அதிகாரி குத்தகை வசூல் இலக்கை மனதில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தால் அதே கலப்பு எங்களைத் தெருவில் நிறுத்தியிருக்கும். அடுத்த வாய்தாவுக்குப் போனபோது அவர் மாற்றலாகியிருந்தார்.

1952, 1991

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பெரியப்பா அந்த நிலத்தில் இன்னும் இருப்பதற்கே ஆதி காரணம் ஓர் அவசரச் சட்டம். 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். அன்றைய தஞ்சை மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. செங்கொடிச் சங்கங்கள் ஒரு பக்கம், மிராசுதார்கள் ஒரு பக்கம். குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. சட்டமன்றம் விவாதித்து நிறைவேற்றிய சட்டம் இல்லை அது. அமைச்சரவை முடிவெடுத்து ஆளுநர் பிறப்பித்தது. பாடப்புத்தகக் கணக்குப்படி பார்த்தால் நிர்வாகம் சட்டமன்றத்தின் வேலையில் கை வைத்தது. பிறகுதான் அது சட்டமன்றத்துக்குப் போய் அந்த ஆண்டே சட்டமானது. 1955இல் மாநிலம் முழுமைக்குமான குடியானவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் தாத்தா மிராசுதார் வீட்டு வாசலில் நின்று பேசும் குரலே 1952க்குப் பிறகு மாறியது என்று பாட்டி சொல்லுவார். பாட்டி கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவர்தான். ஆனாலும் நம்புகிறேன்.

இரண்டாவது அவசரச் சட்டம் பெங்களூரில் பிறந்தது. 1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் வர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 25 அன்று, கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எந்த நீதிமன்றம், எந்த நடுவர் மன்றம் என்ன உத்தரவிட்டிருந்தாலும் தன் படுகைப் பாசனத்துக்கு வேண்டிய தண்ணீரை மாநிலம் எடுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். குடியரசுத் தலைவர் அரசியல் சாசனத்தின் 143ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22 அன்று பதில் வந்தது: அந்தச் சட்டம் செல்லாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் உட்கார முடியாது. சட்டத்தின் அடிப்படையை மாற்ற ஒரு சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு. ஆனால் இரு தரப்புக்கு இடையே வந்த ஓர் உத்தரவை வெறுமனே செல்லாது என்று அறிவிக்க உரிமை இல்லை. டிசம்பர் 10 அன்று இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. அதற்குப் பிறகு பெங்களூரில் நடந்த கலவரத்தில் தமிழர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

கருவி ஒன்றுதான். ஒன்று எங்கள் குடும்பத்தை நிலத்தில் உட்கார வைத்தது, இன்னொன்று அந்த நிலத்துக்கு வரும் தண்ணீரை மறிக்கப் பார்த்தது. நிர்வாகம் சட்டம் போடலாமா என்று பொதுவாகக் கேட்டால் நான் எந்தப் பக்கம் நிற்பது? கலப்பு இருக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இது சங்கடமான கேள்வி. அவசரச் சட்டத்தில் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு ஆயுள் உண்டு. சட்டமன்றம் கூடியதிலிருந்து ஆறு வாரத்துக்குள் சட்டமாக மாறாவிட்டால் அது தானாகச் செத்துப்போகும். அதிகாரம் எல்லை தாண்டுகிறது, ஆனால் எந்த நாளில் திரும்பி வர வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது.

ஆறு வருடம் அச்சேறாதது

காவிரி வழக்கில் அப்படி ஒரு நாள் எங்கேயும் எழுதப்படவில்லை. முதலில், நதிநீர்த் தகராறுகளில் உச்ச நீதிமன்றத்தையே ஒதுக்கி வைக்கலாம் என்று 262ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்தது. பதிலுக்கு ஒரு நடுவர் மன்றம் உண்டு. அதை அமைக்க வேண்டியது மத்திய அரசு. அமைக்காவிட்டால்? தமிழ்நாடு 1986இல் முறைப்படி கேட்டது. அதற்கு முன்பே, 1983இல், டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 1990 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், ஜூன் 2 அன்று, நடுவர் மன்றம் பிறந்தது. தண்ணீரைப் பற்றிப் பேச நீதிமன்றத்துக்குத் தடை, ஆனால் சும்மா இருக்கிற நிர்வாகத்தை உசுப்பத் தடை இல்லை. அந்த மெல்லிய இடுக்கு வழியாகத்தான் எங்கள் வழக்கே உள்ளே நுழைந்தது.

என்.பி. சிங் தலைமையிலான நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு சொன்னது. 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. 205 ஏன் 192 ஆனது என்று ஒரு கட்சி, இனி இதுவாவது வருமே என்று ஒரு கட்சி. பெரியப்பா இரண்டிலும் சேரவில்லை. "ஜட்ஜய்யா எழுதுவாரு, வாஸ்தவம். ஷட்டரைத் தூக்குறது யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

கிருஷ்ணராஜசாகரில் ஷட்டரைத் தூக்குவது கர்நாடக அரசின் பொறியாளர். பிலிகுண்டுலுவில் அளப்பது மத்திய நீர்வள ஆணையம். மேட்டூரிலும் கல்லணையிலும் எங்கள் நீர்வளத் துறை. எங்கள் கிளை வாய்க்காலில் மதகைத் திறந்து மூடும் ஒரு லஸ்கர். ஆனால் இவர்கள் யாருக்கும் முன்னால் இன்னொருவர் இருந்தார்: தீர்ப்பை அரசிதழில் வெளியிட வேண்டியவர். நடுவர் மன்றத்தின் முடிவை மத்திய அரசு வெளியிட வேண்டும் என்று அந்த 1956 சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. வெளியான பிறகுதான் அது கட்டுப்படுத்தும். உச்ச நீதிமன்ற ஆணைக்குச் சமமான வலு பெறும். எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. மாநிலங்கள் விளக்கம் கேட்டு மனு போட்டிருந்தன, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு இருந்தது, காரணங்கள் இல்லாமல் இல்லை. இருந்தாலும் 2007 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு 2013 பிப்ரவரி 19 அன்றுதான் கெஜட்டில் ஏறியது, அதுவும் உச்ச நீதிமன்றம் அழுத்திய பிறகு. நடுவில் 2012இல் குறுவை போனது. பசலி 1422 பாக்கி அங்கேதான் தொடங்குகிறது.

கெஜட்டில் ஏறியதற்காகத் தஞ்சாவூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. அச்சடித்ததற்கு ஒரு விழா! சிரிக்கவும் முடியவில்லை, அந்தச் சந்தோஷத்தில் பொய்யும் இல்லை. சட்டமன்றமும் நீதிமன்றமும் எழுதுகிறவை எல்லாம் கடைசியில் யாரோ ஓர் அலுவலரின் கையெழுத்தில், ஒரு அச்சகத்தில், ஒரு லஸ்கரின் கைப்பிடியில் வந்து நிற்கின்றன. அங்கே கெடு இல்லை என்றால், மேலே எவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருந்தாலும் பயன் இல்லை.

2016இல் நடந்தது இதைவிட விசித்திரம். செப்டம்பர் கடைசியில், தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய காவிரி மேலாண்மை வாரியத்தை அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 3 அன்று மத்திய அரசு, வாரியம் அமைப்பது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றம் அப்படி உத்தரவிட முடியாது என்று வாதாடியது. அதிகாரப் பிரிவினைக் கோட்பாடு அன்று எங்களுக்கு எதிராக எடுத்து வீசப்பட்டது. ஒன்றும் செய்ய விருப்பமில்லாதபோது ஒளிந்துகொள்ள வசதியான இடம், இரண்டு துறைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சுவர்தான். டிசம்பரில், நடுவர் மன்றத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 பிப்ரவரி 16 அன்று இறுதித் தீர்ப்பு, 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. ஆனால் இந்த முறை தீர்ப்பை நிறைவேற்றும் ஏற்பாட்டைச் செய்ய ஒரு கெடு இருந்தது: ஆறு வாரம். மத்திய அரசு கெடு முடிந்த பிறகு விளக்கம் கேட்டது, தமிழ்நாடு அவமதிப்பு மனு போட்டது, டெல்டா முழுக்கச் சாலை மறியல். கெடுவைத் தாண்டித்தான் வந்தது, ஆனாலும் ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்துவிட்டது. மூன்றரை மாதம். கெடு இல்லாதபோது ஆறு வருடம் ஆனதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2019இல் மக்களவை நிறைவேற்றிய நதிநீர்த் தகராறு திருத்த மசோதா, இந்த அரசிதழ் நிபந்தனையையே எடுத்துவிடப் பார்த்தது. அது சட்டமாகவில்லை. அந்த மசோதாவில் மாநிலங்களுக்கு ஆகாதவை பல இருந்தன, அதற்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்த ஒரு வரி மட்டும் தனியாக வந்தாலும் நல்லது. வருவாய் நீதிமன்றத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். துணை ஆட்சியரே உட்காரட்டும், வயல் தெரிந்தவர் உட்காருவதில் லாபம் இருப்பதைப் பார்த்துவிட்டேன். உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வுக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது. ஆனால் விசாரணை முடியும் வரை அவரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது, இத்தனை மாதத்துக்குள் உத்தரவு என்று எழுதி வைக்க வேண்டும். அம்பேத்கர் முதலில் வைத்த மூன்று வருடம் போன்ற ஒரு கெடு.

இதை நான் பெரியப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். "கெடு வச்சா, எனக்கும் சேர்த்துத்தானே வைப்பாங்க? வழக்கு இழுத்ததாலதான்டா இன்னும் அந்த மண்ணுல நிக்கிறேன். ஆறு மாசத்துல முடிச்சிருந்தா 1422லயே வெளிய வந்திருப்பேன்." கோயில் தரப்பைக் கேட்டால் அதே இழுப்பைக் காட்டி, குருக்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பார்கள். நான் இன்னும் கெடு வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சாவி விழுந்த பசலிகளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு அப்புறம் கெடுவைத் தொடங்கலாமே என்று கேட்டதற்கு, "அதை எந்த ஆபீசு கழிக்கும்?" என்றார் பெரியப்பா.